நாடகமாகப் பிறந்த காவியம்

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் ஜான் மில்டனின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. பெரிய தாளில் சுமார் ஐம்பது பக்கம். அதன் 35-ஆம் பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டு பெயர்ப் பட்டியல்கள். முதல் பட்டியலில் மிகாவேல், தெய்வீக அன்பு, வானதூதர் கூட்டம், லூசிபர், பாம்போடு ஆதாமும் ஏவாளும், மனச்சாட்சி, மரணம். அப்புறம் உழைப்பு, நோய், அதிருப்தி, அறியாமை என்று வாய் பேசாத பாத்திரங்கள். கடைசியில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. இரண்டாவது பட்டியலில் மிகாவேல் போய் மோசே வந்திருக்கிறார். நீதி, இரக்கம், ஞானம், மாலை நட்சத்திரம் என்று புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களின் மேலும் பேனா குறுக்கே ஓடி அடித்துப் போட்டிருக்கிறது.

‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் முதல் தடயம் அடிக்கப்பட்ட இந்த இரண்டு பட்டியல்கள்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள், சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவே விரியும் களம், ஆங்கிலக் காவியங்களில் தலையாயது என்ற பெயர். நம் வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் அதன் முதல் காண்டத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கி ‘சுவர்க்க நீக்கம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரிலேயே தமிழில் அதை அறிந்த ஒரு தலைமுறை உண்டு. ஆனால் டிரினிட்டி தாளில் காவியம் எதுவும் இல்லை. அங்கே இருப்பது மேடைக்கான ஆள் கணக்கு. மில்டன் முதலில் எழுத நினைத்தது ஒரு நாடகம்.

1639-இல் இத்தாலியப் பயணம் முடிந்து லண்டன் திரும்பினார் மில்டன். முப்பதைத் தாண்டிய வயது. அக்காள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலத்துக்கும் நிற்கும் ஒன்றை எழுதியே தீருவேன் என்ற உறுதி இருந்தது. எதை, எந்த வடிவில் என்பதுதான் முடிவாகவில்லை. 1642-இல் வெளியான திருச்சபை ஆட்சி பற்றிய ஒரு நூலின் நடுவில், வாதத்தை நிறுத்திவிட்டு இந்தக் குழப்பத்தை வாசகரிடமே சொல்கிறார்: ஹோமர், வர்ஜில் வழியில் காவியமா? சோபோகிளிஸ், யூரிப்பிடிஸ் வழியில் நாடகமா? மதச் சண்டை நூலுக்குள் ஒரு கவிஞன் தன் தொழிலைப் பற்றி இப்படி மனம் திறந்து பேசுவது எனக்கு இன்றும் வியப்பு.

அதே காலத்தில்தான் டிரினிட்டி பிரதியின் ஏழு பக்கங்களில் அவர் கருப்பொருள்களை எழுதித் தள்ளினார். ஏறக்குறைய நூறு. பைபிளிலிருந்து பாதிக்கு மேல். பிரிட்டன், ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து மீதி. சோதோம் அழிவு, ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனது, சிம்சோன் என்று போகிறது. சிலவற்றுக்கு ஒரு வரி, சிலவற்றுக்கு ஒரு பத்தி. வரலாற்றுக் கதைகள் சிலவற்றின் பக்கத்தில் எந்த வரலாற்றாசிரியரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. ஸ்காட்லாந்துப் பகுதியில் மக்பெத் கூட இருக்கிறது! ஷேக்ஸ்பியர் எழுதி முடித்த கதையை மில்டன் திரும்ப எழுத நினைத்திருக்கிறார். மால்கம் மக்டஃபிடம் வந்து சேரும் இடத்தில் நாடகம் தொடங்க வேண்டும், டங்கன் கொலையை அவனுடைய ஆவி தோன்றிச் சொல்லட்டும் என்பது அவர் போட்ட திட்டம். கொலை மேடைக்கு வெளியே, கதை முடிவை நெருங்கும்போது தொடக்கம் – இது கிரேக்க நாடக முறை. 1602-இல் ஜெனிவாவில் அச்சான யூரிப்பிடிஸ் நாடகத் தொகுதியை மில்டன் 1634-இல் விலைக்கு வாங்கி, வரிக்கு வரி படித்து, ஓரங்களில் பாடத் திருத்தம் எழுதி வைத்திருந்தார். அந்த இரண்டு தொகுதிகளும் இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் படிப்பின் பலன் இந்தப் பட்டியல் முழுக்கத் தெரிகிறது.

அடித்துப் போட்ட இரண்டு பட்டியல்களுக்குக் கீழே மூன்றாவது வரைவு வருகிறது. இதற்குத் தலைப்பு உண்டு: ‘பாரடைஸ் லாஸ்ட்’. ஐந்து அங்கங்கள். முதல் அங்கத்தில், மனிதன் தவறினால் அவனை என்ன செய்வது என்று நீதியும் இரக்கமும் ஞானமும் வாதாடுகின்றன. கோரஸ் படைப்பைப் போற்றிப் பாடுகிறது. இரண்டாவதில் திருமணப் பாடல். மூன்றாவதில் லூசிபரின் சூழ்ச்சி. நான்காவதில் வீழ்ந்துவிட்ட ஆதாமும் ஏவாளும். ஐந்தாவதில் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படுகிறார்கள். ஒரு தூதன் உழைப்பு, துயரம், பகை, போர், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாவற்றையும் வரிசையாக அவர்கள் முன் கொண்டுவந்து நிறுத்த, ஆதாம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கிறான்.

இந்த வரைவின் தொடக்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. மோசே மேடைக்கு வந்து முன்னுரை சொல்கிறார். யூரிப்பிடிஸ் நாடகங்களில் ஒருவர் வந்து கதைப் பின்னணியைச் சொல்வாரே, அதே முறை. மோசே சொல்வதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: பாவமறியாத நிலையில் இருக்கும் ஆதாமை நீங்கள் பார்க்க முடியாது, உங்கள் பாவம் அதற்குத் தடை. கேட்க இறையியல் போல இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருப்பது மேடைச் சிக்கல். ஆடையில்லாத ஆதாமையும் ஏவாளையும் எந்த மேடையில் நிறுத்துவது? இலை கட்டிக்கொண்ட பிறகுதான் அவர்கள் மேடைக்கு வர முடியும். அப்படியானால் அவர்கள் இழந்தது எதை என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இழப்பைப் பற்றிய நாடகத்தில், இழந்த பொருளையே காட்ட வழியில்லை. கோரஸ் பாடலில் வர்ணித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

மில்டனுக்கு அது திருப்தி தரவில்லை. சில பக்கங்கள் தள்ளி நான்காவது வரைவு தொடங்குகிறது. தலைப்பிலேயே தடுமாற்றம்: ‘ஆதாமின் நாடுகடத்தல்’ என்று எழுதி அடித்துவிட்டு, ‘பரதீசை இழந்த ஆதாம்’ என்ற பொருளில் வேறு தலைப்பு. மோசேயைக் காணோம். காபிரியேல் வந்து தோட்டத்தை வர்ணிக்கிறார். லூசிபர் தன் வீழ்ச்சியை நினைத்துப் புலம்பி, பழி தீர்க்க மனிதனைக் குறிவைக்கிறான். வானத்தில் நடந்த போரைக் கோரஸ் பாடுகிறது. பிறகு இலைகளால் உடலை மறைத்துக்கொண்டு, குழம்பிப்போய் ஆதாமும் ஏவாளும் வருகிறார்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறார்கள். ஆதாம் எல்லாப் பழியையும் மனைவி மேல் போட்டுவிட்டு விறைத்துக்கொண்டு நிற்கிறான். இங்கே முதல் முறையாக ஒரு வீட்டுச் சண்டையின் சூடு தெரிகிறது. முந்தைய மூன்று வரைவுகளிலும் இருந்தவை பெயர்கள். இதில்தான் ஆட்கள் வருகிறார்கள். முடிவில் தனக்குத் தானே ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறார் மில்டன்: இதை முந்தைய வரைவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்தாவது வரைவு இந்தத் தாள்களில் இல்லை.

ஆனால் நாடகத்தை எழுதத் தொடங்கவும் செய்திருக்கிறார். அவரிடம் படித்த அக்காள் மகன் எட்வர்ட் பிலிப்ஸ் 1694-இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இந்தச் செய்தி இருக்கிறது. காவியம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, துயர நாடகத்தின் தொடக்கம் என்று சொல்லி மாமா தனக்குச் சில வரிகளைக் காட்டினார் என்கிறார் பிலிப்ஸ். சாத்தான் சூரியனைப் பார்த்துப் பேசும் வரிகள் அவை. இன்று நான்காம் காண்டத்தில் இருக்கின்றன. காவியத்தின் மிக உயிர்ப்பான தனிமொழிகளில் ஒன்று, நாடக மேடைக்காகப் பிறந்து இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்து இடம் மாறிய ஒன்று.

அந்த இருபது ஆண்டுகள் நாட்டைப் புரட்டிப் போட்டவை. 1642-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. மில்டன் கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு விவாகரத்துக்காக, அச்சுரிமைக்காக, மன்னரைத் தண்டித்ததை நியாயப்படுத்தி என்று உரைநடையில் போராடினார். 1652-இல் பார்வை முழுவதும் போனது. டிரினிட்டி பிரதியிலேயே இது கண்ணுக்குத் தெரிகிறது: பிந்திய பக்கங்களில் கையெழுத்து மாறுகிறது. இறந்துபோன மனைவியைக் கனவில் கண்டதைச் சொல்லும் பாடல் வேறொருவர் கையால் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மனம் கனக்கும்.

பார்வை போன பிறகுதான் காவியம் வந்தது. வாயால் சொல்ல, கிடைத்தவர் எழுதினார்கள். எழுதியதைப் பத்து, இருபது, முப்பது வரிகளாகப் பிலிப்ஸ் பார்த்து எழுத்துப்பிழை திருத்தினார். 1667-இல் சாமுவேல் சிமன்ஸ் என்ற அச்சகத்தாருடன் ஒப்பந்தம்: முன்பணம் ஐந்து பவுண்டு, 1,300 பிரதி விற்றால் இன்னொரு ஐந்து. முதல் பதிப்பில் பத்துக் காண்டங்கள். 1674-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றைப் பன்னிரண்டாக்கினார்.

பழைய நாடகத்தின் துண்டுகள் காவியத்தில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்று தேடிப் பார்ப்பது பெரும் சுவை. நீதி, இரக்கம் நடத்திய வாதம் மூன்றாம் காண்டத்தில் பிதாவும் குமாரனும் பேசும் உரையாடலாகிவிட்டது. கோரஸ் பாட வேண்டிய வானப் போர் ஆறாம் காண்டம் முழுவதும் நிறைந்தது. படைப்புப் பாடல் ஏழாம் காண்டம். முதல் பட்டியலில் இருந்து அடிபட்டுப் போன மிகாவேல் கடைசி இரண்டு காண்டங்களில் திரும்பி வந்து, உலகின் எல்லாக் கேடுகளையும் ஆதாமுக்குக் காட்டுகிறார். மனச்சாட்சி, அறியாமை போன்ற வெறும் பெயர்ப் பாத்திரங்கள் உதிர்ந்துவிட்டன. மரணம் மட்டும் பாவத்தைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு நரக வாசலில் நிற்கிறது. ஒன்பதாம் காண்டம் தொடங்கும்போது, இனிப் பாட்டைத் துயரத்துக்கு மாற்றியாக வேண்டும் என்று கவிஞர் அறிவிக்கிறார். அங்கே பழைய நாடகம் தலைகாட்டுகிறது என்பது என் எண்ணம்.

ஆடையில்லாத ஆதாமைக் காட்ட முடியாத சிக்கலுக்குக் காவியம் கண்டுபிடித்த வழிதான் இவை எல்லாவற்றிலும் பெரிது. நான்காம் காண்டத்தில் நாம் ஆதாமையும் ஏவாளையும் முதன்முதலாகப் பார்ப்பது சாத்தானின் பார்வை வழியாக. அவன் தோட்டத்துக்குள் நுழைந்து, மரத்தில் அமர்ந்து, பொறாமையோடு பார்க்கிறான். அவனோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். பாவம் செய்தவர்கள் இதைப் பார்க்க முடியாது என்றார் மோசே. பாவம் செய்தவனின் பார்வையிலேயே காட்டிவிட்டார் மில்டன். நாடகத்தின் முட்டுச்சந்து காவியத்தின் உச்சமான இடமாக மாறியது. மேடையில் இருபது ஆண்டு முன்பு மாட்டிக்கொண்டிராவிட்டால் இந்த வழி அவருக்குப் புலப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

காவியம் பிறந்ததற்கு வேறு கதைகளும் சொல்லப்பட்டன. இத்தாலியில் அந்திரெயினி என்பவரின் ‘ஆதாமோ’ நாடகத்தைப் பார்த்தபோதுதான் மில்டனுக்கு இந்த எண்ணம் வந்தது என்று 1727-இல் வால்டேர் எழுதினார். மில்டனே தன் கலைதெய்வம் இரவுதோறும் வந்து, உறக்கத்தில் வரிகளைச் சொல்லிவிட்டுப் போவதாகக் காவியத்துக்குள் சொல்கிறார். விடிகாலையில் வரிகள் தயாராக இருக்கும், எழுதுபவர் வரத் தாமதமானால் தன்னைக் கறக்க யாரும் வரவில்லையே என்று குறைப்படுவார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. தில்லையில் இறைவனே சேக்கிழாருக்கு அடியெடுத்துக் கொடுத்தான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்புவது கடினமில்லை. நானும் மறுக்கவில்லை. ஆனால் இரவில் வந்த அந்தத் தெய்வத்துக்கு, நான்கு முறை எழுதிப் பார்த்த தாள் முன்பே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது.

இந்தத் தாள்கள் தப்பிப் பிழைத்ததே ஒரு தனிக் கதை. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் மில்டன் தலைமறைவானார், பிடிபட்டார், சிறையில் இருந்தார். மன்னரைத் தண்டித்ததை ஆதரித்த அவருடைய நூல்களைத் தூக்குப் போடுபவன் கையால் பொது இடத்தில் எரித்தார்கள். அச்சான புத்தகங்களுக்கே அந்த கதி. உதிரித் தாள்களாகக் கிடந்த இவை எரியவில்லை. 1691-இல் சர் ஹென்றி நியூட்டன் பக்கரிங் என்பவர் தம் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் டிரினிட்டி கல்லூரிக்குக் கொடுத்தார். அவர் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றவர். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த புதிய நூலகம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. மில்டன் படித்தது கிறைஸ்ட்ஸ் கல்லூரியில். டிரினிட்டிக்கும் அவருக்கும் உறவில்லை. ஆனாலும் பக்கரிங் கொடுத்த புத்தகங்களோடு இந்தத் தாள்களும் வந்து சேர்ந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தன. பிறகு கல்லூரி ஆசிரியர் சார்லஸ் மேசன் அவற்றைக் கண்டெடுத்தார். தாமஸ் கிளார்க் 1736-இல் நல்ல முறையில் பைண்டு செய்ய வைத்தார். இரண்டே ஆண்டில், 1738-இல், தாமஸ் பர்ச் நாடக வரைவுகளை அச்சில் வெளியிட்டார். அந்த பைண்டு நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கண்டெடுத்ததை எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. இதே பிரதியில் மில்டனின் ‘லிசிடஸ்’ இருக்கிறது – 1637 ஆகஸ்டில் அயர்லாந்துக்குப் போகும் வழியில் கடலில் மூழ்கி இறந்த கல்லூரித் தோழன் எட்வர்ட் கிங்குக்கான இரங்கற்பா. அதன் பூக்கள் வரும் பகுதி எழுதி, அடித்து, மறுபடி எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்த சார்லஸ் லாம் பதறிப்போனார். முழு அழகோடு குதித்தெழுந்த கவிதை என்று நம்பியிருந்தேன், அந்தச் சொற்களும் மாறக்கூடியவைதானா, இந்தத் தாள்களை ஆற்றில் எறிந்திருக்கலாமே என்ற பொருளில் 1820-இல் எழுதினார். லாம் என் மனதுக்கு நெருக்கமான கட்டுரையாளர். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை ஏற்கவே முடியாது. திருத்தத் தெரிந்த கையைப் பார்ப்பதில் என்ன இழப்பு?

லாம் பார்த்த அந்தப் பிரதியைத் தானும் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் வர்ஜீனியா வுல்ஃபின் ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூலில் கதைசொல்லியை நூலக வாசலுக்கு இழுத்துப் போகிறது. கறுப்பு அங்கி அணிந்த பெரியவர் ஒருவர் மரியாதையாக மறிக்கிறார். பெண்கள் உள்ளே வர வேண்டுமானால் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கூட வர வேண்டும், அல்லது அறிமுகக் கடிதம் வேண்டும். அவள் கோபத்தோடு திரும்பிப் போகிறாள். 1928-இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் பேசிய உரைகளிலிருந்து உருவாகி, 1929-இல் வெளியான நூல் அது. வுல்ஃபின் அண்ணன் தோபியும் கணவர் லெனார்டும் டிரினிட்டியில் படித்தவர்கள். அந்த வாசலின் கதை அவருக்குக் கேள்விப்பட்ட கதையல்ல. மூடிய ஒரு நூலகக் கதவிலிருந்து, பெண்கள் எழுதுவது பற்றிய நூற்றாண்டின் முக்கியமான வாதம் ஒன்று கிளம்பியிருக்கிறது.

இந்தத் தாள்களால் இன்னொரு பலனும் விளைந்தது. மில்டன் கையெழுத்தில் ‘இ’ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்து இளமையில் கிரேக்க வடிவில், திருப்பிப் போட்ட மூன்று போல இருக்கும். 1630-களின் இறுதியில் அது இத்தாலிய வடிவத்துக்கு மாறுகிறது. டிரினிட்டி பிரதியில் இந்த மாற்றம் பக்கம் பக்கமாகத் தெரிவதால், எது எப்போது எழுதியது என்று கணிக்க முடிகிறது. வேறு புத்தகங்களில் அவர் கையை அடையாளம் காணவும் முடிகிறது. 2019-இல் பிலடெல்பியா பொது நூலகத்தில் இருக்கும் ஷேக்ஸ்பியர் முதல் ஃபோலியோ ஒன்றின் ஓரக்குறிப்புகள் மில்டனுடையவை என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜேசன் ஸ்காட்-வாரன் கண்டுகொண்டது இத்தகைய கையெழுத்து ஒப்பீட்டால்தான். 2024-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பொது நூலகத்தில் ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் ஒன்றிலும் அவருடைய குறிப்புகள் கிடைத்தன. மக்பெத்தைத் திரும்ப எழுத நினைத்தவர் ஷேக்ஸ்பியரையும் வரலாற்று நூலையும் எப்படிப் படித்தார் என்பது இப்போது கண்முன் இருக்கிறது.

வுல்ஃபின் கதைசொல்லியைத் தடுத்த கதவு இன்று இல்லை. டிரினிட்டி நூலகம் இந்தப் பிரதியின் பக்கங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் பலர் ஒன்பதாம் காண்டத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். பொழிப்பும் தேர்வுக் கேள்வியுமாக அது முடிந்துவிடுகிறது. பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: காண்டத்தைத் திறப்பதற்கு முன் அந்த 35-ஆம் பக்கத்தை வகுப்பில் காட்டுங்கள். மில்டன் அடித்த அடியைப் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும்.